பின்னால் வருவதை எண்ணக்கூடாது

எலுமிச்சை விலை ஏறினால் சிரிக்கவும் இறங்கினால் சாமி கும்பிடவும் மட்டுமே தெரிந்த ஒரு ஊர், மேற்கே மலை மறித்து நிற்பதால் சாயங்காலம் மற்ற ஊர்களுக்குப் போவதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்கிற ஊர், சுனைக்குறிச்சி என்று பேர்; அந்த ஊரில் ஒரு சனிக்கிழமை காலையில் சுடலைவடிவு தூக்குவாளியோடு பால் வாங்க வெளியே வந்தபோது அவள் முதுகுக்குப் பின்னால் பட்டாம்பூச்சிகள் பெருங்கூட்டமாக வந்தன, அவற்றில் ஒன்றுக்கும் நிறம் இல்லை. பால்காரர் நம்பிராஜன் பார்த்தார். "வடிவக்கா, பின்னால பூச்சி வருது, கதவச் சாத்திட்டு வந்தியளா" என்று கேட்டார். பிறகு அரை லிட்டரை அளந்து, கொசுறும் ஊற்றிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊர் ஆட்கள் அப்படித்தான். மலையே இறங்கி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும், கொஞ்சம் தள்ளி உக்காரும்வே என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டுவார்கள். அந்தப் பூச்சிகளுக்கு, வடை கட்டின தாளில் எண்ணெய் ஊறினால் அந்தப் பக்கம் தெரியுமே, அப்படி அந்தப் பக்கம் தெரிகிற இறகுகள். அவள் நின்றால் அவையும் நின்று அந்தரத்திலேயே இறகடித்துக்கொண்டிருந்தன, அவள் நடந்தால் நடந்தன, அவள் சடாரென்று திரும்பினால் அவையும் சடாரென்று சுற்றிக்கொண்டு மறுபடி அவள் முதுகுக்கே போய்ச் சேர்ந்தன. ஊர் முழுக்கப் பார்த்தது, அவள் ஒருத்தியால்தான் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பீரோக் கண்ணாடியில் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோதுதான் பார்த்தாள், பார்த்த மாத்திரத்தில் அவை எங்கிருந்து வந்தன என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று, தூக்குவாளியைக் கீழே வைக்கக்கூட மறந்து அப்படியே நின்றாள்.

சுடலைவடிவுக்கு அப்போது ஐம்பதை நெருங்கின வயசு. புருஷன் கல்யாணமான சில வருஷத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை கிடையாது. தம்பி பரமகுருவைத் தானே வளர்த்து ஆளாக்கி, தானே ஊர் ஊராக அலைந்து பெண் பார்த்து, சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற பிரம்மசக்தியைக் கட்டிவைத்து, அடுத்த வீட்டிலேயே குடியும் வைத்திருந்தாள். அவர்களுக்கு ஒரு சின்னப் பிள்ளையும் உண்டு. நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் அடித்துக்கொள்ளாத வீடு எங்கள் தெருவிலேயே அது ஒன்றுதான். ஒரு பேச்சுக்கு மூணு மதினி போட்டுத்தான் அந்தப் பெண் பேசும், மதினி உப்பு இருக்கா மதினி, கொஞ்சம் தாங்க மதினி என்று.

வடிவுக்கு ஒரு வேலை உண்டு, ஊரில் வேறு யாருக்கும் இல்லாத வேலை, பட்டாம்பூச்சி எண்ணுவது. சிரிக்க வேண்டாம், அதற்கு ஒரு காரணம் இருந்தது. எலுமிச்சைக் கொழுந்தில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு உட்கார்ந்திருக்கும், அது வளர்ந்து பச்சையாகிக் கொழுந்தையெல்லாம் தின்று தீர்த்து, கடைசியில் எலுமிச்சை அழகி என்கிற பட்டாம்பூச்சியாகிப் பறந்துபோகும். அழகியாவது ஒண்ணாவது என்று தோட்டக்காரர்கள் மருந்தடித்தார்கள், பூச்சிமருந்து. அடித்த மருந்து ஓடைக்குப் போயிற்று, ஓடையில் குளித்தவர்களுக்கு உடம்பு அரித்தது, யாரோ மனு எழுதிப் போட, அதிகாரிகள் வந்து பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்து ஒரு முடிவு சொன்னார்கள். ஓடைக்கரையில் பட்டாம்பூச்சிகள் குறையாதவரைக்கும் மருந்தடித்துக்கொள்ளலாம், குறைந்தால் ஓடையை ஒட்டின தோப்புகளில் மருந்தை நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் பூச்சிக்கு ஆகாதது பிறகு மனுஷனுக்கும் ஆகாது. அந்த எண்ணிக்கையை எடுக்க உள்ளூர் ஆள் ஒன்று வேண்டும் என்றபோது, பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா வேலை கேட்டுக் கிடைக்காமல் இருந்த வடிவைக் கை காட்டினார்கள்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் ஏறின பிறகு, பம்புசெட்டு ரூமில் தொடங்கி ஓடைக்கரையோடே சாஸ்தா கோயில் வரைக்கும் ஒரே சீராக நடக்கவேண்டும். தன்னைச் சுற்றி ஒரு சின்ன அறை தன்னோடேயே நகர்ந்து வருவதாக நினைத்துக்கொள்ள வேண்டும், அந்த அறைக்குள் வருகிற பட்டாம்பூச்சியை மட்டும் எண்ணவேண்டும். நிற்கக்கூடாது. பின்னால் வருவதை எண்ணக்கூடாது, எண்ணினதையே திரும்ப எண்ணிவிடுவோம் என்பதால். நடந்து முடித்த கையோடு மாவட்ட ஆபீசில் ஜெபக்கனி மேடத்துக்குப் போன் போட்டு, இன்ன பூச்சி இத்தனை என்று வாயால் சொல்லவேண்டும், அவ்வளவுதான். முதல் இரண்டு வருஷம் வடிவு ஒழுங்காகத்தான் நடந்தாள். எருக்கஞ்செடியில் உட்கார்கிற வெந்தய வரியன், நீல வரியன், கொன்றைப் பூவுக்கு வருகிற வெள்ளையன், எலுமிச்சை அழகி, எல்லாவற்றையும் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்துகொண்டாள், தெருவில் பறக்கிறதைக்கூட இன்னாரு வீட்டுப் பிள்ளை என்பதுபோல் சொல்லுவாள்.

பிறகு கடையநல்லூரில் ஒரு சடங்கு வீடு வந்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் போகாமல் இருக்க முடியாத சொந்தம். மினி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் வளையல் தட்டை வைத்துக்கொண்டு, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, போன தடவை மாதிரியே கொஞ்சம் கூட்டிக் குறைத்து ஒரு கணக்கைச் சொன்னாள். மேடம் சரி என்றார். வானம் இடிந்து விழவில்லை. அடுத்த தடவை முழங்கால் வலி, நெசமாகவே வலி. அதற்கு அடுத்த தடவை வெயில். அதற்குப் பிறகு காரணமும் தேவைப்படவில்லை. அடுப்பில் அப்பளம் பொரித்துக்கொண்டே சொன்னாள், மத்தியானத் தூக்கம் கலையாமல் பாயில் கிடந்தபடியே சொன்னாள், மழை பெய்த வாரத்துக்கு ஒரு பத்தைக் கூட்டி, காற்றடித்த வாரத்துக்கு ஒரு நாலைக் குறைத்து, இருவது நீல வரியன், முப்பது எலுமிச்சை அழகி என்று, கல்யாண வீட்டில் இலைக்கு இலை பரிமாறுகிற மாதிரி தாராளமாகச் சொன்னாள். அவள் சொன்னதில் ஓடைக்கரையே பூத்துக் குலுங்கிற்று. அங்கே மருந்து மேல் மருந்து விழுந்து கரை மொட்டையாகிக் கிடந்தது.

இதில் எங்களுக்கு ஒரு பங்கு உண்டு, அதையும் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. அந்த ஓடையில்தான் பாதி ஊர் துணி துவைத்தது, மாடு குளிப்பாட்டியது, பல் விளக்கியது. பட்டாம்பூச்சி ஒன்றுகூட இல்லை என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாருக்கும் கண் இருக்கிறதல்லவா. வடிவு நடக்கப் போவதில்லை என்றும் தெரியும். ஆனால் எண்ணிக்கை நல்லபடியாக இருப்பதாகவும், மருந்துக்குத் தடை இல்லை என்றும் தகவல் வந்தபோது, அந்த வருஷம் விலையும் ஏறியிருந்தபோது, வாயைத் திறக்க யாருக்கு மனசு வரும். ஒருத்தருக்கும் வரவில்லை.

பூச்சிகள் வந்த சனிக்கிழமைக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, மாவட்ட ஆபீசில் ஒரு விழா வைத்தார்கள். இந்த ஓடைக்கரை மாதிரி வேறெங்கும் இல்லை என்று ஜெபக்கனி மேடம் மேடையில் பேசி, வடிவுக்குப் பொன்னாடை போர்த்தினார். கை தட்டினார்கள். வடிவு அந்தப் பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்துவிட்டுப் படுத்தாள், மறுநாள் காலையில்தான் தூக்குவாளியோடு வெளியே வந்தாள், பூச்சிகளும் வந்தன. கண்ணாடியில் பார்த்தவுடன் அவளுக்கு எல்லாம் அடையாளம் தெரிந்தது. மினி பஸ்ஸில் அவசரமாகச் சொன்னவற்றுக்கு இறகின் ஓரம் சரியாக முடியாமல் நைந்து கிடந்தது. தூக்கத்தில் சொன்னவை கோணலாகப் பறந்தன. அப்பளம் பொரித்தபோது சொன்னவற்றுக்கு ஒரு பக்க இறகு பெரிது, ஒரு பக்கம் சிறிது. பேரும் எண்ணிக்கையும் கொடுத்தவள் நிறத்தைக் கொடுக்கவில்லை, பார்த்திருந்தால்தானே கொடுப்பதற்கு. பாவம், அவை என்ன செய்யும், சொன்னவளிடம் வந்துவிட்டன.

ஊர் தன் பாட்டுக்கு அவற்றுக்கு இடம் பண்ணிக்கொண்டது. ரேஷன் கடை வரிசையில் வடிவுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் பூச்சிகளுக்கென்று ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். மினி பஸ்ஸில் அவளுக்குக் கடைசி சீட்டு என்று கண்டக்டர் ஒதுக்கிவைத்தார். அவள் போன வீடுகளில் ஃபேனை நிறுத்திவிட்டு விசிறிமட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். இப்படியே போயிருந்தால்கூட அவள் எப்படியாவது தாங்கியிருப்பாள், ஆனால் சாஸ்தா கோயில் பூசாரி உச்சிமாகாளி ஒரு நாள் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பூச்சிகள் காவல் வருகிற பெண்பிள்ளை சாமானியம் இல்லை, இது அம்மன் இறங்கின உடம்பு என்று சொல்லிவிட்டார்.

அதோடு போயிற்று. செவ்வாயும் வெள்ளியும் கூட்டம் வந்தது. கமிஷன் கடை சிவனணைந்தபெருமாள், ஓடைக்கரையில் பெரிய தோப்பு உள்ளவர், தன் செலவில் பந்தல் போட்டார், கூலிங் தண்ணி வைத்தார், வடிவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பூச்சிகள் நன்றாகத் தெரியவேண்டும் என்று பின்னால் ஒரு கறுப்புத் துணியும் கட்டினார். பூச்சியம்மா என்று பேராயிற்று. வருகிறவர்கள் எல்லாம் எலுமிச்சம்பழ மாலை வாங்கிவந்து போட்டதில் எங்கள் ஊரில் விளைந்த பழம் எங்கள் ஊரிலேயே விற்றுத் தீர்ந்தது. அந்த மாலையைக் கழுத்தில் வாங்குகிறபோதெல்லாம் தோலில் ஒட்டியிருந்த மருந்து வாடை அவள் மூக்கில் ஏறும், குமட்டும், குனிந்துகொள்வாள். நான் ஒண்ணும் இல்லய்யா, என்னைக் கும்பிடாதீய, எனக்கு அந்த யோக்கியத இல்ல என்று அவள் சொல்லத்தான் செய்தாள். பாத்தியா, எவ்வளவு அடக்கம் என்று அதற்கும் ஒரு கும்பிடு விழுந்தது. ஒவ்வொரு கும்பிடுக்கும் அவள் தன் உடம்பில் எங்காவது ஒளிந்துகொள்ள இடம் தேடினாள், சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடினாள், சாப்பாடு இறங்கவில்லை, முகம் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள். அசிங்கம் என்றால் இன்னதென்று அந்த நாற்காலியில்தான் தெரிந்தது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

இத்தனைக்கும் நடுவில் பிரம்மசக்தியின் கண் மங்கிக்கொண்டு வந்தது. அவள் சிவனணைந்தபெருமாளின் தோப்பில் மருந்து கலக்கித் தூக்கிக் கொடுக்கிற வேலை பார்த்தாள். காற்று திரும்பியடித்தால் முகத்தில்தான் விழும், முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த டேங்கைக் கலக்குவாள். முதலில் கண் எரிந்தது, பிறகு நீர் கோத்தது, பிறகு எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தது. திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மருந்து பட்டுக் கருவிழி வெந்துபோயிருக்கிறது, இனி பக்கத்திலேயே போகாதே, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள் என்றார்கள். வடிவிடம் அவள் அதைச் சொல்லவில்லை. மதினி ஊருக்கே சாமியாகி உட்கார்ந்திருக்கிறபோது வீட்டுக் கதையைச் சொல்லிக் கலைக்கக் கூடாது என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறது.

சொல்லாதவள், ஒரு வெள்ளிக்கிழமை வரிசையில் வந்தாள். அடுத்த வீட்டுக்காரி, கொல்லை வாசல் வழியாக வந்திருக்கலாம், வரவில்லை; பரமகுருவின் கையைப் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு, எல்லாரையும்போல வெயிலில் நின்று, எல்லாரையும்போல முறை வந்தபோது முன்னால் வந்து மண்டி போட்டாள். நாற்காலி எங்கே இருக்கிறது என்று கையால் தடவித் தேடினாள். வடிவின் பாதம்தான் அகப்பட்டது, அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஓடைக்கரை வேலயில கண்ணு போச்சு. ஒரு துணுக்குத் திருநீறு போட்டுவிடுங்க, பிள்ள முகம் தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

மதினி என்று கூப்பிடவில்லை. சாமியை யார் மதினி என்று கூப்பிடுவார்கள்.

வடிவு அந்தக் கண்ணைப் பார்த்தாள். சிரித்தால் தெருவே திரும்பிப் பார்த்த முகம். கண் இரண்டும் பால் ஊற்றினது மாதிரி இருந்தது. திருநீற்றுத் தட்டு பக்கத்தில்தான் இருந்தது, எடுத்துப் பூசிவிட்டிருந்தால் அதுவும் ஒரு வெள்ளிக்கிழமையாகக் கழிந்திருக்கும். அவள் தட்டைத் தொடவில்லை. நாற்காலியை விட்டு இறங்கி அந்தப் பெண்ணுக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"நான் நடக்கல சக்தி. ரெண்டு வருசமா ஓடைப் பக்கமே போகல. வீட்டுல கிடந்துகிட்டு வாய்க்கு வந்ததச் சொன்னேன். நான் போயி, ஒண்ணுமில்லன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே மருந்த நிறுத்தியிருப்பாவ. பின்னால வருது பாரு, இதெல்லாம் நான் சொன்ன பொய்யிட்டீ."

பூசாரி உச்சிமாகாளிதான் முதலில் சுதாரித்து, அம்மன் குறி சொல்லுது, குலவை போடுங்க என்று பெண்களைப் பார்த்துக் கை காட்டினார், அங்கங்கே இரண்டு பேர் குலவை போடத் தொடங்கி, மற்றவர்கள் போடாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். வடிவு இடுப்பில் சொருகியிருந்த போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு, ஜெபக்கனி மேடத்தைக் கூப்பிட்டாள். இந்த வெள்ளிக்கிழமை எண்ணிக்கை ஒன்றுமில்லை, போன தடவையும் ஒன்றுமில்லை, அதற்கு முந்தியும் ஒன்றுமில்லை, சொன்னதெல்லாம் நான் பார்க்காதது என்று சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ டைப் அடிக்கிற சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டது.

பரமகுரு பெண்டாட்டியைத் தூக்கி நிறுத்தி, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கூட்டிக்கொண்டு போனான். அன்றையிலிருந்து அவன் அக்காவிடம் பேசுவதில்லை, இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை. கூட்டம் ஒன்றுமே நடக்காத மாதிரி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கலைந்தது. யாராவது திட்டுவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள், அப்படியாவது தீர்ந்துபோகும் என்று வடிவு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள், ஒருத்தரும் திட்டவில்லை. கடைசியில் சிவனணைந்தபெருமாள் வந்து, கறுப்புத் துணியை அவிழ்த்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"நீ நடக்கலன்னு எங்களுக்கெல்லாம் தெரியாதாளா? தெரியும்லா. நாங்க யாராவது ஒரு வார்த்த பேசுனமா? நீ மட்டும் எதுக்குச் சொன்ன?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நெசமாகவே விளங்காமல்தான் கேட்டார். தள்ளி நின்ற எங்களுக்கும் அது காதில் விழுந்தது, நாங்களும் செருப்பையே பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முதுகை ஒருவர் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டோம், நம் பின்னாலும் ஏதாவது வருகிறதா என்று. ஒன்றும் வரவில்லை. நாங்கள் எதையும் சொல்லவில்லையே, சொன்னால்தானே வரும்.

மறுவாரம் ஜெபக்கனி மேடம் நேரிலேயே வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஓடைக்கரை முழுக்க நடந்தார், ஒன்றையும் பார்க்கவில்லை, சாஸ்தா கோயில் படியில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பொன்னாடைக்குத் துணி எடுக்கப் போன நேரத்தில் வந்திருக்கலாம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது பக்கத்தில் நின்ற பூசாரிக்குக் கேட்டிருக்கிறது. ஓடையை ஒட்டின தோப்புகளில் மருந்து நின்றது. சிவனணைந்தபெருமாள் முறைத்தார். ஆனால் பூச்சி திரும்ப வருகிறதா என்று பார்க்க யாராவது நடந்தாக வேண்டும். ஊரில் ஒருத்தரும் முன்வரவில்லை, வெளியூர் ஆள் யாரும் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இந்த மூலைக்கு வரப்போவதில்லை. கடைசியில் மேடம் வடிவின் வீட்டு வாசலில் நின்று, வடிவே நடக்கட்டும், ஆனால் அவள் சொல்வதை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, கூடவே ஒரு ஆள் சாட்சிக்கு நடக்கவேண்டும் என்றார். அதற்கும் ஆள் இல்லை. வடிவோடு நடந்தால் கேவலம் என்று பெண்கள் ஒதுங்கினார்கள், ஆண்களுக்கு அன்றைக்கெல்லாம் வேலை இருந்தது.

"நான் போறேன்" என்றாள் பிரம்மசக்தி, அடுத்த வீட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு.

மேடம் சங்கடப்பட்டு, உனக்குக் கண்ணு தெரியாதேம்மா என்று இழுத்தார்.

"கண்ணு தெரிஞ்சவிய எல்லாரும்தான் பாத்துகிட்டு இருந்தாவ. என்ன செஞ்சாவ?" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து இரண்டு பேரும் நடந்தார்கள். முன்னால் சுடலைவடிவு, அவள் வலது தோளில் கை வைத்தபடி பின்னால் பிரம்மசக்தி, பிரம்மசக்தியைச் சுற்றிலும் அந்த நிறமில்லாத கூட்டம். அவள் முகத்தில், கழுத்தில், கண்ணில்கூட அவை வந்து வந்து மோதின, அவள் ஒரு நாளும் கையால் தட்டிவிட்டதில்லை. தோப்பு வேலி ஓரமாக அவர்கள் போகிறபோது கிணற்றடியில் நிற்கிற நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். தம்பி பெண்டாட்டி பேசுவாள், கல் கிடக்கா என்று கேட்பாள், எருக்கஞ்செடி தாண்டிட்டோமா என்று கேட்பாள், ஆனால் எந்தப் பேச்சின் நுனியிலும் மதினி இல்லை. முன்பு மூணு தடவை வந்த சொல், வெட்டினாற்போல் நின்றுபோயிருந்தது. வடிவு அதைக் கேட்கவும் முடியாது, கேட்க என்ன மூஞ்சி இருக்கிறது.

கோயில் வந்தவுடன் பிரம்மசக்தி கேட்பாள், எத்தனை என்று. ஒண்ணுமில்ல என்பாள் வடிவு. அப்படியே ஆபீசுக்கும் சொல்வாள். சித்திரை வெயிலிலும் ஒண்ணுமில்ல, ஆனிச் சாரலிலும் ஒண்ணுமில்ல, கொன்றை பூத்தபோதும் ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும், பின்னால் அத்தனை இறகுகள் அடித்துக்கொள்கிற காற்று பிடரியில் பட, வடிவுக்குக் கூசிக் கூசி உடம்பே பாதியாயிற்று. ஆடி பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் படியில் இளைப்பாறுகிறபோது, பிரம்மசக்தி தலையைக் குனிந்துகொண்டு ஒன்று கேட்டாள்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு, ஒண்ணே ஒண்ணு இருந்துச்சுன்னு சொன்னா என்ன? ஆபீசுக்கு வேண்டாம். எனக்கு மட்டும். கேட்டுகிட்டுப் போயி நிம்மதியாத் தூங்குவேன்."

ஊருக்கெல்லாம் தாராளமாக அள்ளி இறைத்தவள்தான் வடிவு. இருவதும் முப்பதும் சொன்ன வாய். அந்த ஒன்றுக்காக அவள் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள், தன் கண் இரண்டையும் கேட்டால்கூட தோண்டிக் கொடுத்திருப்பாள். கன்னத்தில் நீர் வழிய வழிய, "இல்லட்டீ, ஒண்ணும் இல்ல" என்றாள். பிரம்மசக்தி எழுந்து தோளைத் தேடிக் கை வைத்தாள், இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள்.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. மருந்து விழாத கரையில் புல் ஏறிக் கிடந்தது, எலுமிச்சைக் கொழுந்தில் பறவை எச்சம் மாதிரி ஏதோ இருப்பதாக சிவனணைந்தபெருமாளின் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை பம்புசெட்டு ரூமைத் தாண்டி, துவைக்கிற கல்லைத் தாண்டி, வேலி திரும்புகிற இடத்தில், வடிவு தன்னோடு நகர்த்திக்கொண்டு வந்த அந்த இல்லாத அறைக்குள், இடது பக்கமிருந்து ஒரு எலுமிச்சை அழகி தாழப் பறந்து வந்தது. கறுப்பில் மஞ்சள் திட்டு. பின்னிறகில் ஒரு செம்பொட்டு. நிறம் இருந்தது. எதிரிலேயே ஒரு கொழுந்தைத் தொட்டு, விட்டு, மறுபடி தொட்டு, தோப்புக்குள் போய்விட்டது. நிற்கக்கூடாது, வடிவு நிற்காமல் நடந்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

தோளிலிருந்த கை இறுகிற்று. பிறகு தளர்ந்தது, பிறகு விலகியே விட்டது. வடிவு நடந்துகொண்டே இருந்தாள். அவளிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை, பூச்சி போய்விட்டது, பார்த்த கண் அவளுடையது மட்டும், அந்தக் கண்ணுக்கு ஊரில் என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியும். அவள் சொன்ன பொய்களெல்லாம் ஒன்று குறையாமல் பின்னால் வந்துகொண்டிருந்தன. நெசம்தான், சாமி சத்தியமா நெசம்தான் என்று திரும்பி நின்று அந்தப் பெண்ணின் காலைப் பிடித்துச் சொல்லவேண்டும்போல் இருந்தது, சொல்லவில்லை, சொல்லுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தாள். பின்னால் காலடிச் சத்தம் நின்றுவிட்டதா, வருகிறதா என்று மட்டும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே, எருக்கஞ்செடி வரைக்கும் தனியாக நடந்தாள்.

பிறகு, சருகு மிதிபடுகிற சத்தம் விரைந்து வந்தது. அந்தக் கை காற்றில் துழாவி, சேலையைப் பிடித்து, தோளைக் கண்டுபிடித்து உட்கார்ந்தது.

"அன்னைக்கு நான் வாயத் தொறந்து கேட்டப்பக்கூட இல்லன்னுதான சொன்னிய" என்றாள் பிரம்மசக்தி. கூடவே நடந்து எருக்கஞ்செடியைத் தாண்டினாள். "ஆபீசுக்கு ஒண்ணுன்னு சொல்லுங்க மதினி. நான் சாட்சி."